வாசகர் கேள்வி–பதில்: பிரிட்டனில் யாருக்கு வேலை இல்லை?

கேள்வி: பிரிட்டனில் இந்திய வம்சாவளியினர் நல்ல வேலைகளில் இருக்கும்போது, பாகிஸ்தான், வங்கதேச வம்சாவளியினரிடையே வேலையின்மை அதிகம் என்றும், அவர்கள் அரசின் உதவித்தொகையை நம்பியே வாழ்கிறார்கள் என்றும் அங்குள்ள என் உறவினர் கூறுகிறார். ஒரே துணைக்கண்டத்திலிருந்து சென்றவர்களிடம் இந்த வேறுபாடு ஏன்? உழைக்கும் மனப்பான்மைதான் காரணமா?
– வாசகர், திருச்சி

பதில்: உங்கள் உறவினர் சொன்னதில் முதற்பாதி சரி. அவ்விரு வம்சாவளியினரிடம் வேலையின்மை விகிதம் நெடுங்காலமாகவே வெள்ளையரைப் போல ஏறத்தாழ இரு மடங்காக இருந்துவருகிறது. இந்திய வம்சாவளியினரோ வெள்ளையருக்கு நிகராக நிற்கிறார்கள். ஆனால் மனப்பான்மையைப் பற்றிப் பேசுவதற்கு முன், யார், எப்போது, எந்த ஊருக்கு, என்ன வேலைக்குச் சென்றார்கள் என்று பார்க்க வேண்டும்.

பாகிஸ்தான் வம்சாவளியினரில் பெரும்பகுதியினரின் பூர்விகம், பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மீர்ப்பூர் பகுதி. 1960களில் அங்கே மங்களா அணை கட்டப்பட்டபோது ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் நிலத்தையும் வீட்டையும் இழந்தனர். அதே காலத்தில் பிராட்ஃபோர்டு, ஓல்டாம் போன்ற வடஇங்கிலாந்து ஊர்களின் ஆலைகள், உள்ளூர்க்காரர்கள் விரும்பாத இரவுப் பணிக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தன. உழைக்கத் தயங்குகிறவர்கள் கடல் கடந்து சென்று ஆலையில் இரவு முழுவதும் கண்விழித்திருப்பார்களா? 1970களிலும் 80களிலும் அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. ஆங்கிலமும் சான்றிதழும் இல்லாத நடுத்தர வயதினர் டாக்சி ஓட்டவும் உணவுக்கடை நடத்தவும் தொடங்கினர். அவர்களுடைய பிள்ளைகள், வேலையே வற்றிப்போன ஊர்களில் வளர்ந்தனர்.

இந்திய வம்சாவளியினரின் கதை வேறு. பொதுமருத்துவச் சேவைக்கு டாக்டர்களாகவே சென்றவர்கள் பலர். 1972இல் உகாண்டாவின் ஆட்சியாளர் இடி அமீன் அங்கிருந்த ஆசியர்களை விரட்டியடித்ததால் பிரிட்டனுக்கு வந்த சுமார் 28,000 பேரில் பெரும்பாலோர் கையில் காசின்றி வந்திறங்கினாலும், ஆங்கிலமும் வணிக அனுபவமும் அவர்களிடம் இருந்தன. அவர்களை எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்று உகாண்டா நாளிதழில் விளம்பரமே கொடுத்த லெஸ்டர் நகரம், பின்னாளில் அவர்களுடைய கடைகளாலேயே பெயர் பெற்றது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இவையெல்லாம் பழங்கதை, பிரிட்டனிலேயே பிறந்து படித்தவர்களுக்கு என்ன தடை என்று நீங்கள் கேட்கலாம். 2009இல் அந்நாட்டு அரசுக்காக நடத்தப்பட்ட ஓர் ஆய்வில், ஒரே தகுதியும் அனுபவமும் கொண்ட கற்பனை விண்ணப்பங்கள் பெயரை மட்டும் மாற்றி அனுப்பப்பட்டன. வெள்ளையர் பெயர் இருந்தால் 9 விண்ணப்பங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் சாதகமான பதில் வந்தது. ஆசிய, ஆப்பிரிக்கப் பெயர்களுக்கு அதைப் பெற 16 விண்ணப்பங்கள் தேவைப்பட்டன. வேலையில் இனப்பாகுபாடு காட்டுவதை 1968ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்துவிட்டது. ஆனால் வராத பதிலுக்காக யார் மீது வழக்குத் தொடுப்பது?

கேள்வி: அப்படியானால், உதவித்தொகையைச் சிறுபான்மையினரே அதிகம் பெறுகிறார்கள் என்பது உண்மையா?
– வாசகி, மதுரை

பதில்: எதை உதவித்தொகை என்று கணக்கிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. அரசு தரும் முதியோர் ஓய்வூதியத்தையும் சேர்த்துப் பார்த்தால், பிரிட்டிஷ் வெள்ளையர் குடும்பங்களில் பாதிக்கு மேற்பட்டவை ஏதேனும் ஓர் அரசு உதவியைப் பெறுகின்றன. முதியவர்கள் குறைவாக உள்ள சீன, இந்தியக் குடும்பங்களில் அந்த விகிதம் வெகுவாகக் குறைவு. குறைந்த வருமானத்தைக் கருதித் தரப்படும் உதவிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் வங்கதேச, பாகிஸ்தான், கறுப்பினக் குடும்பங்களின் பங்கு கூடுதலாகவே இருக்கும். ஆயினும் இப்போதைய முதன்மை உதவியான யுனிவர்சல் கிரெடிட் வேலை இல்லாதவர்களுக்கு மட்டும் உரியதன்று. அதைப் பெறுவோரில் மூன்றில் ஒருவர் அளவுக்கு வேலைக்குப் போகிறவர்கள். சம்பளம் வீட்டு வாடகைக்கே போதாதபோது மிச்சத்தை அரசு தருகிறது. என் பார்வையில், இதில் பாதி உதவி, குறைந்த கூலி கொடுக்கும் முதலாளிக்குப் போய்ச் சேருகிறது. புதிதாக விசாவில் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கோ இந்த உதவிகளைக் கேட்கும் உரிமையே கிடையாது.

கேள்வி: அங்குள்ள இலங்கைத் தமிழர்களின் நிலை என்ன?
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: பிரிட்டனின் புள்ளிவிவரப் படிவத்தில் அவர்களுக்கெனத் தனிக் கட்டம் இல்லை; பெரும்பாலும் ‘பிற ஆசியர்’ என்ற கட்டத்தில் நேபாளிகள் உள்ளிட்ட பலரோடு சேர்ந்துவிடுகிறார்கள். ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். தஞ்சம் கோரிய ஒருவர் முடிவு வரும்வரை பொதுவாக வேலை செய்யக் கூடாது. ஓராண்டு கடந்தும் முடிவு வரவில்லை என்றால் அனுமதி கேட்கலாம், அதுவும் அரசு வரையறுத்த சில வேலைகளுக்கு மட்டுமே. அதுவரை அரசு தரும் சிறு தொகையில்தான் வாழ வேண்டும். இப்படி ஆண்டுக்கணக்கில் காத்திருந்துவிட்டு, ஊரில் பெற்ற பட்டத்துக்கு அங்கே மதிப்பின்றி, பெட்ரோல் நிலையத்தின் கல்லாவில் இரவுப் பணிக்கு அமர்ந்தவர்கள் உங்கள் உறவினர்களிலேயே இருக்கக்கூடும்.