எழுத்தில் தாருங்கள் என்று கேளுங்கள்: பயணத் தடையும் விசாரணை அழைப்பும், கேள்வி பதில்

கொழும்பு புதுக்கடையில் சட்டத்தரணியாக இருக்கிறேன். செய்தியாளர்களும் மனித உரிமைச் செயற்பாட்டாளர்களும் விசாரணை என்ற பெயரில் அலைக்கழிக்கப்படுவது, வெளிநாடு போகவிடாமல் தடுக்கப்படுவது பற்றிப் பலர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். கேட்டவர்களின் பெயரை விட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

வெள்ளவத்தை: அக்கா, அடுத்த மாதம் ஜெனீவாவில் ஒரு கூட்டம். எனக்குத் தடை ஏதும் இருக்கிறதா என்று முன்கூட்டியே அறிய முடியுமா? எயார்போட்டில் போய் நின்றுதான் தெரியவருமா?

பெரும்பாலானோருக்கு அங்கே போய் நிற்கும்போதுதான் தெரியவருகிறது. அதுதான் இதில் உள்ள கொடுமை. என் கட்சிக்காரர் ஒருவரை இப்படித்தான் மறித்தார்கள். கருமபீடத்தில் இருந்தவர் கடவுச்சீட்டை இயந்திரத்தில் வைத்தார், திரையைப் பார்த்தார், பிறகு நிமிர்ந்து இவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. கடவுச்சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு யாருக்கோ ரெலிபோன் எடுத்தார். “கொஞ்சம் அங்கால இருங்கோ.” அந்தக் கொஞ்சம் இரண்டரை மணித்தியாலம். பெட்டி ஏற்கெனவே விமானத்துக்குள் போயிருந்தது, அதைத் திரும்ப இறக்கினார்கள். ஏன் என்று கேட்டதற்கு “மேலிடத்து உத்தரவு” என்ற இரண்டு சொல் மட்டும்தான் பதில். கையில் ஒரு துண்டுக் கடதாசிகூடக் கொடுக்கவில்லை.

அதனால் முன்னரே செய்யக்கூடியதைச் செய்யுங்கள். உங்களை எப்போதாவது ஒரு பொலிஸ் பிரிவு விசாரித்திருந்தால், அந்தப் பிரிவு எந்த நீதவான் நீதிமன்றத்தில் பி அறிக்கை (விசாரணை பற்றிப் பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை) போட்டிருக்கிறது என்று உங்கள் சட்டத்தரணி தேடிப் பார்க்கட்டும். தடை கேட்டிருந்தால் அது அந்த வழக்கேட்டில்தான் இருக்கும். அத்துடன் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு ஒரு விண்ணப்பம் போடுங்கள்: “என் கடவுச்சீட்டின்மீது தடை உண்டா, உண்டென்றால் எந்த நீதிமன்றத்தின் எந்தக் கட்டளை?” 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். விசாரணை நடக்கிறது என்று காரணம் காட்டி மறுக்கலாம். மறுத்தாலும் அந்த மறுப்பு எழுத்தில் வரும். அது நமக்குத் தேவை.

கிளிநொச்சி: யார்தான் இந்தத் தடையைப் போடலாம்? சிஐடி நினைத்தால் போதுமா?

நினைத்தால் போதாது. வழமையான பாதை இதுதான்: விசாரிக்கிற பிரிவு நீதவானிடம் விண்ணப்பிக்கும், நீதவான் கட்டளையிடுவார், அது குடிவரவுத் திணைக்களத்துக்குப் போகும். பிணை நிபந்தனையாகக் கடவுச்சீட்டை நீதிமன்றில் ஒப்படைக்கச் சொல்வது இன்னொரு வழி. மூன்றாவது வழி பயங்கரவாதத் தடைச் சட்டம். அதன் 11ஆம் பிரிவின்படி, நீதிமன்றத்துக்கே போகாமல் அமைச்சர் ஒரு கட்டுப்பாட்டுக் கட்டளை போட்டு, ஒருவர் நாட்டுக்குள்ளும் வெளியிலும் பயணிப்பதைத் தடுக்கலாம். 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982இல் நிரந்தரமாக்கிய சட்டம் இது.

மனித உரிமைச் செயற்பாட்டாளர் ருக்கி பெர்னாண்டோவின் விடயத்தைப் பாருங்கள். 2014 மார்ச்சில், காணாமல்போன மகனைத் தேடிப் போராடிய பாலேந்திரன் ஜெயகுமாரி தருமபுரத்தில் கைதான பிறகு, என்ன நடந்தது என்று அறிய அவரும் அருட்தந்தை பிரவீன் மகேசனும் கிளிநொச்சிக்குப் போனார்கள். இருவரையும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். இரண்டு மூன்று நாளில் விட்டார்கள். ஆனால் அதோடு முடியவில்லை. ருக்கி வெளிநாடு போகக்கூடாது, விசாரணை பற்றிப் பேசக்கூடாது, கைப்பேசியும் கணினியும் ஒப்படைக்க வேண்டும் என்று நீதிமன்றக் கட்டளை வாங்கினார்கள். பயணத் தடை ஜூன் கடைசியில் நீங்கியது. பேசக்கூடாது என்ற தடை அதற்குப் பிறகும் தொடர்ந்தது. ஜெயகுமாரி குற்றச்சாட்டே இல்லாமல் ஏறத்தாழ ஒரு வருடம் உள்ளே இருந்தார்.

மட்டக்களப்பு: வெளிநாடு போவது நம் அரசியலமைப்பில் உரிமையா?

நல்ல கேள்வி. பலர் சரியாகப் பார்க்காத இடம் இது. 1978 அரசியலமைப்பின் 14(1)(எச்) இலங்கைக்குள் நடமாடும் சுதந்திரத்தைத் தருகிறது. 14(1)(ஐ) இலங்கைக்குத் திரும்பிவரும் சுதந்திரத்தைத் தருகிறது. வெளியே போகும் சுதந்திரம் என்று ஒரு வரி அங்கே இல்லை. திரும்பிவர உரிமை தந்தவர்கள் போவதைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டார்கள்.

அந்த உரிமை எழுத்தில் இருக்கும் இடம், குடியியல் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 12ஆம் உறுப்புரை. எவரும் எந்த நாட்டையும், தன் சொந்த நாட்டையும் விட்டுச் செல்லலாம் என்கிறது. இலங்கை 1980இல் அதில் இணைந்தது. 1997இல், தனிநபர்கள் ஐ.நா. மனித உரிமைகள் குழுவிடம் நேரே முறையிட வழிசெய்யும் விருப்ப நெறிமுறையையும் ஏற்றது. ஆனால் 2006இல் சிங்கராசா வழக்கில், அப்படி ஏற்றது அரசியலமைப்புக்கு முரண் என்று நம் உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதனால் இங்கே நாங்கள் வாதாடுவது நம் அரசியலமைப்பின் 12(1)இல் நின்றுதான்: சட்டத்தின் முன் எல்லோரும் சமம், காரணம் காட்டாமல் ஒருவரைத் தனியே ஒதுக்கித் தடுக்க முடியாது. செய்தியாளர் என்றால் 14(1)(ஏ) பேச்சுச் சுதந்திரத்தையும், 14(1)(ஜி) தொழில் செய்யும் சுதந்திரத்தையும் சேர்த்துக்கொள்வோம்.

ஒன்றை மறக்காதீர்கள். அடிப்படை உரிமை மீறல் மனுவை மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் போட வேண்டும். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. கவலையிலும் களைப்பிலும் இரண்டு மாதம் கழித்து என்னிடம் வந்தவர்கள் உண்டு. அவர்களைத் திருப்பி அனுப்பும்போது எனக்கு நெஞ்சு கனக்கும்.

முல்லைத்தீவு: அக்கா, ரெலிபோன் எடுத்து “நாளைக்கு வந்து வாக்குமூலம் தாங்கோ” என்கிறார்கள். எதற்கென்று கேட்டால் “வாங்கோ, சொல்லுறம்” என்கிறார்கள். போக வேண்டுமா?

தம்பி, நீங்கள் ஒரு செய்தியாளர் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மாவட்டத்திலேயே, யாழ்ப்பாணத்துச் செம்மணிப் புதைகுழி அகழ்வைப் படமெடுத்த கணபதிப்பிள்ளை குமணனை 2025 ஓகஸ்டில் பயங்கரவாத எதிர்ப்புப் பிரிவு அளம்பில் அலுவலகத்துக்கு அழைத்ததை அறிவீர்கள். ஆகவே உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது.

போகமாட்டேன் என்று சொல்லாதீர்கள். எழுத்தில் அனுப்புங்கள், வருகிறேன் என்று சொல்லுங்கள். விசாரணை செய்யும் பொலிஸ் அதிகாரி ஒருவரை அழைப்பதானால் எழுத்து மூலம் அழைக்க வேண்டும் என்று குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை சொல்கிறது. கடிதம் தமிழில் வர வேண்டும் என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. தமிழும் அரச கரும மொழி. கடிதம் கேட்டவுடன் அழைப்பே நின்றுபோன சம்பவங்களை நான் கண்டிருக்கிறேன்.

கடிதம் வந்தால் தனியே போகாதீர்கள். பொலிஸ் நிலையத்தில் கட்சிக்காரருக்காகச் சட்டத்தரணி முன்னிலையாகலாம் என்று 2012இலேயே வர்த்தமானியில் விதி வந்துவிட்டது. வாசலில் நிற்பவர் “லோயர் வெளியில இருக்கட்டும்” என்பார். அந்த விதியின் பிரதி ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும்.

இனி முக்கியமான இடம். நீங்கள் தமிழில் சொல்வீர்கள், எழுதுபவர் சிங்களத்தில் எழுதுவார். மூன்று மணி நேரம் கழித்து ஆறு பக்கத்தை நீட்டி “சைன் பண்ணுங்கோ” என்பார். பசி, களைப்பு, வீட்டில் அம்மா காத்திருக்கிறார் என்ற நினைப்பு, எல்லாம் சேர்ந்து கை பேனையை எடுக்கச் சொல்லும். எடுக்காதீர்கள். உங்களுக்கு விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், திருத்தச் சொல்லுங்கள். அதுவும் சட்டத்தில் இருக்கிற உரிமைதான். என் கட்சிக்காரர் ஒருவர் “அந்தக் கூட்டத்தில் படம் எடுத்தேன்” என்று சொன்னது, கடதாசியில் “அந்தக் கூட்டத்தில் பங்கேற்றேன்” என்று இருந்தது. வினைச்சொல் ஒன்றுதான் மாறியிருந்தது. அவர் கேட்டுத் திருத்தியதால் தப்பினார். பயங்கரவாதத் தடைச் சட்ட விசாரணையென்றால் இன்னும் கவனம் தேவை: உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுக்கும் குற்ற ஒப்புதல், அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி சான்றாகும். செய்தியாளர் ஜே.எஸ். திசைநாயகத்துக்கு 2009 ஓகஸ்ட் 31இல் 20 வருடக் கடூழியச் சிறை விதித்தது அந்தச் சட்டத்தின்கீழ்தான், 2006இல் எழுதிய இரண்டு கட்டுரைகளுக்காகவும், அவை வந்த சஞ்சிகைக்குக் காசு திரட்டியதற்காகவும். மறு வருடம் பிணையில் வெளியே வந்தார், பிறகு மன்னிப்பும் கிடைத்தது.

கொட்டாஞ்சேனை: நான் ஒரு தாய். மகள் ஒரு பத்திரிகையில் வேலை. சிவில் உடையில் இரண்டு பேர் வந்து, மகள் யாரோடு பழகுகிறாள், வெளிநாட்டிலிருந்து காசு வருகிறதா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவளை வேலையை விடச் சொல்லவா?

அம்மா, அந்த முடிவு உங்கள் மகளுடையது. நான் சொல்லக்கூடியது, அவர்கள் திரும்ப வந்தால் என்ன செய்வது என்பதைத்தான். கேற்றைத் திறக்க முன்னர் பெயர், பிரிவு, அடையாள அட்டை இலக்கம் மூன்றையும் கேளுங்கள். மோட்டார் சைக்கிளின் இலக்கத்தைப் பாருங்கள். மகள் இல்லை, எழுத்தில் கேட்டால் அவளே பதில் சொல்வாள் என்று மட்டும் சொல்லுங்கள். தேத்தண்ணி கொடுத்து உட்காரவைத்துப் பேசாதீர்கள். வந்தவரை உபசரிப்பது நம் பழக்கம், ஆனால் அந்த உபசரிப்பில்தான் ஊர்க்கதை எல்லாம் வெளியே வரும். அன்றிரவே திகதி, நேரம், என்ன கேட்டார்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996.

லசந்த விக்கிரமதுங்க, தராக்கி சிவராம், நிமலராஜன், பிரகீத் எக்னலிகொட என்று, கொல்லப்பட்ட, காணாமலாக்கப்பட்ட செய்தியாளர்களில் நமக்குத் தெரிந்த பெயர்கள் பல. அதனால் ஒரு தாய் பயப்படுவது அளவுக்கு மீறியது என்று ஒருபோதும் சொல்லமாட்டேன்.

தெஹிவளை: 2022இல் மகிந்தவுக்கும் நாமலுக்கும்கூடத் தடை போட்டார்களே. அப்போது கைதட்டினோம், இப்போது மட்டும் தடை பிழையா?

தடை என்ற கருவியே பிழை என்று நான் சொல்லவில்லை. காலிமுகத்திடல் போராட்டக்காரர்கள் தாக்கப்பட்டது பற்றிய விசாரணையில், 2022 மே மாதம் கோட்டை நீதவான் திறந்த நீதிமன்றத்தில் பெயர் சொல்லிக் கட்டளையிட்டார். வழக்கு இலக்கம் இருந்தது, எதிர்த்து வாதாட இடம் இருந்தது. யாருக்குப் போட்டாலும் அப்படித்தான் போட வேண்டும். என்ன வழக்கென்று தெரியாத, எவரும் பொறுப்பேற்காத தடையைத்தான் எதிர்க்கிறேன். ஒருவர் எழுதியதற்காகவும் பேசியதற்காகவும் வழக்கொன்றைச் சோடித்து, அதைக் காட்டித் தடை கேட்பதையும் எதிர்க்கிறேன்.

அதே வருடம் ஜூலை 26, அரகலய என்ற அந்த மக்கள் போராட்டத்தில் முன்நின்ற தானிஸ் அலியைக் கட்டுநாயக்கவில் விமானத்துக்குள்ளேயே ஏறிப் பிடித்தார்கள். பிடியாணை உண்டு என்றது பொலிஸ். காட்டுங்கள் என்று சக பயணிகளே எழும்பிக் கேட்டார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்காக அவர்கள் அப்படிக் கேட்டதை நான் இன்றும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

கொழும்பு 7, ஒரு மாணவி: இது இலங்கையில் மட்டுமா?

இல்லை தங்கச்சி. அதே ஜூலையில் காஷ்மீர்ச் செய்தியாளர் ஆகாஷ் ஹசன் நம் நெருக்கடியை எழுதக் கொழும்புக்கு வரப் புறப்பட்டபோது, டெல்லி விமான நிலையத்தில் தடுக்கப்பட்டார். அதே வருடம் ஒக்டோபரில், புலிட்சர் பரிசு வாங்க நியூயோர்க் போக இருந்த புகைப்படக்காரர் சன்னா இர்ஷாத் மட்டூவை, விசாவும் ரிக்கற்றும் கையில் இருக்கத் திருப்பி அனுப்பினார்கள். இவ்வளவுக்கும் வெளிநாடு போவது தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்று 1978இலேயே மேனகா காந்தி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பிலிப்பைன்ஸின் மரியா ரெசா 2021இல் நோபல் பரிசு வாங்க ஒஸ்லோ போவதற்கும் நீதிமன்ற அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

யாழ்ப்பாணம்: விசாரணைக்குப் போகும்போது கைப்பேசியைக் கேட்டால்?

எந்தக் கட்டளையில் கேட்கிறீர்கள் என்று கேளுங்கள். எடுத்தால், இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்காமல் நகராதீர்கள். உங்களிடம் கதை சொன்னவர்களின் பெயர்கள் அதில் இருந்தால், அதைக் கொண்டுபோகாதீர்கள்.

வத்தளை: எனக்கு நீதிமன்றத் தடை இருக்கிறது. சகோதரியின் கலியாணம் கனடாவில். நீக்கலாமா?

தற்காலிகமாக நீக்கக் கேட்கலாம். உங்கள் சட்டத்தரணி நகர்த்தல் பத்திரம் ஒன்று போடுவார். அதோடு அழைப்பிதழ், போய்வரும் ரிக்கற், தங்கும் முகவரி எல்லாம் இணையுங்கள். பிணையாளிகளை முன்னரே ஆயத்தமாக வைத்திருங்கள். பயணத்துக்கு ஒரு மாதத்துக்கு முன்னராவது தொடங்குங்கள், முறைப்பாட்டுத் தரப்பு ஒரு தவணை கேட்டாலே இரண்டு வாரம் போய்விடும்.

கட்டளை கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். முதல் பதிலில் சொன்ன அதே கட்சிக்காரர்தான். அவரது தடையை நீதிமன்றம் நீக்கியது. ஆனால் நீக்கிய கடிதம் ஓர் அலுவலகத்திலிருந்து அடுத்த அலுவலகத்துக்குப் போகாமல் ஒரு கோப்புக்குள் கிடந்தது. இரண்டாம் தடவையும் திரையில் சிவப்பு. அன்றும் விமானம் போய்விட்டது. மூன்றாம் தடவை உறுதிப்படுத்திய பிரதிகள் மூன்று எடுத்தோம். ஒன்றைக் கடிதம் போகவேண்டிய இடத்தில் நானே நேரில் கொடுத்து, பிரதியில் கையொப்பமும் திகதி முத்திரையும் வாங்கினேன். ஒன்று அவர் கைப்பையில். மற்றது என்னிடம். அதிகாலை 2 மணிக்கு “ஏறிட்டன் அக்கா” என்று செய்தி வரும்வரை அது என் மேசையில் இருந்தது.