தரவுக் கசிவுக்குப் பின் கடவுச்சொல்லை மாற்றினால் மட்டும் போதுமா?

கேள்வி: நாங்கள் காப்பீடு எடுத்துள்ள நிறுவனத்திலிருந்து, என் குடும்பத்தினரின் பெயர், பிறந்த தேதி, கைபேசி எண், அடையாள ஆவண நகல் ஆகியவை கசிந்துவிட்டதாகக் கடிதம் வந்துள்ளது. நான் நடத்தும் சிறு நிறுவனத்தின் ஊழியர்களுடைய விவரங்களையும் அங்கேதான் கொடுத்திருந்தேன். கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். இது போதுமா?

பதில்: போதாது. கடவுச்சொல்லை மாற்றலாம், பிறந்த தேதியை மாற்ற முடியாது. 2017இல் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸிலிருந்து ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. பெயர், பிறந்த தேதி, அந்நாட்டு அரசு தரும் அடையாள எண்ணான சமூகப் பாதுகாப்பு எண் என எளிதில் மாற்ற இயலாதவையே அவற்றில் முக்கியமானவை. இத்தகைய தகவல்கள் பல ஆண்டுகள் கழித்தும் திருடர்களுக்குப் பயன்படும் என்பதால், அவற்றை வைத்து உங்கள் பெயரில் எங்கெல்லாம் நுழைய முடியுமோ அந்த வழிகளை அடைப்பதே உங்கள் வேலை.

முதல் வழி மின்னஞ்சல். வங்கி முதல் வணிகத் தளங்கள் வரை, மறந்துபோன கடவுச்சொல்லை மீட்கும் இணைப்பு பெரும்பாலும் அங்கேதான் வந்து சேர்கிறது. வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை அதற்கு வைத்து, கடவுச்சொல்லுடன் இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பையும் இயக்குங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஓடிபியைவிட, கைபேசியிலேயே குறியீட்டை உருவாக்கும் சரிபார்ப்புச் செயலி பாதுகாப்பானது. கசிந்த விவரங்களைக் காட்டி உங்கள் எண்ணுக்கு வேறொருவர் புதிய சிம் வாங்கிவிட்டால், ஓடிபி அவருக்கே போகும். பிறகு அமைப்புகளுக்குள் சென்று, தானாக அனுப்பும் விதி ஏதேனும் இருக்கிறதா, மீட்பு எண் உங்களுடையதுதானா என்று பாருங்கள். முன்பே உள்ளே நுழைந்த ஒருவர் உங்கள் அஞ்சல்களின் நகல் தமக்கு வரும்படி விதி அமைத்திருந்தால், நீங்கள் கடவுச்சொல்லை மாற்றிய பின்னும் அந்த விதி வேலை செய்துகொண்டிருக்கலாம். பலரும் பார்க்கத் தவறும் இடம் இது.

அடுத்தது உங்கள் பெயரில் வாங்கப்படும் கடன். உங்கள் கடன்களின் பதிவான கடன் அறிக்கையை, புதிதாகக் கடன் தருபவர்கள் பார்க்க முடியாதபடி முடக்கிவைக்கும் வசதி சில நாடுகளில் உண்டு. அமெரிக்காவில் 2018 முதல் அது இலவசம். அந்த வசதி இல்லாத இடங்களில், சில மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கையை வாங்கி, நீங்கள் விண்ணப்பிக்காத கடனோ, அத்தகைய கடனுக்காகக் கடன் நிறுவனம் செய்த விசாரணையோ பதிவாகியுள்ளதா என்று பார்க்க வேண்டும். பிள்ளைகளின் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. அவர்கள் வளர்ந்து முதல் கடனுக்கு விண்ணப்பிக்கும்வரை யாரும் அவர்கள் பெயரைச் சரிபார்ப்பதில்லை என்பதால், மோசடி நெடுங்காலம் வெளியே தெரியாமலே இருந்துவிடும்.

நிறுவனத்தைப் பொறுத்தவரை, நான் அதிகம் அஞ்சுவது பணம் கேட்டு வரும் அஞ்சல்களையே. வழக்கமாகச் சரக்கு அனுப்புபவரின் பெயரில், “எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்த மாதத் தொகையைப் புதிய கணக்கில் செலுத்தவும்” என்று கடிதம் வரும். அல்லது ஊழியர் ஒருவரின் பிறந்த தேதியைச் சரியாகக் குறிப்பிட்டு, சம்பளக் கணக்கை மாற்றச் சொல்லும். அவ்வாறு வந்தால், உங்கள் பதிவேட்டில் ஏற்கெனவே உள்ள எண்ணில் அழைத்து உறுதிசெய்த பிறகே மாற்ற வேண்டும். அஞ்சலில் தந்துள்ள எண்ணை அழைக்கக் கூடாது. உரிமையாளரே அவசரப்படுத்தினாலும் இந்த விதி தளரக் கூடாது என்பதை ஊழியர்களிடம் நீங்களே சொல்லிவையுங்கள்.

ஊழியர்களின் விவரங்களைக் கொடுத்தவர் நீங்கள் என்பதால், அவர்களுக்கு உடனே வெளிப்படையாகத் தெரிவியுங்கள். கசிவை அறிவிப்பது சில இடங்களில் சட்டக் கடமையும்கூட. ஐரோப்பிய ஒன்றியத்தில், தனிநபருக்குப் பாதிப்பு நேரக்கூடிய கசிவு தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் தரவைப் பொறுப்பில் வைத்திருக்கும் நிறுவனம் கண்காணிப்பு அமைப்புக்கு அறிவிக்க வேண்டும். விலகிப்போனவர்களின் ஆவண நகல்களில் சட்டப்படி வைத்திருக்கத் தேவையில்லாதவற்றை அழித்துவிடுங்கள்.

இன்னொன்று: கசிவுச் செய்தி பரவியதும் போலி அறிவிப்புகளும் கிளம்பும். ஆகவே, வந்த கடிதம் உண்மையானதுதானா என்பதை, அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், அந்த நிறுவனத்தை நேரடியாகத் தொடர்புகொண்டு உறுதிசெய்யுங்கள். உண்மை என்றால் அதைப் பத்திரப்படுத்துங்கள். நாளை உங்கள் பெயரில் யாரேனும் கடன் வாங்கியது தெரியவந்து, காவல்துறையில் புகார் அளித்து, கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்துப்பூர்வமாக மறுப்புத் தெரிவிக்க நேர்ந்தால், உங்கள் விவரங்கள் எப்போது வெளியே போயின என்பதற்கு அந்தக் கடிதமே சான்றாக நிற்கும்.