நோயைப் பிடித்துக்கொண்டு உடலுக்குள் போங்கள்

கேள்வி: உயிரியல் தேர்வு நெருங்கிவிட்டது. உறுப்பு மண்டலங்களைத் தனியாகவும் நோய்களைத் தனியாகவும் மனப்பாடம் செய்ததில் எல்லாம் குழம்புகிறது. 'கட்டாயம் வரும் கேள்விகள்' என்று ஒரு தொகுப்பு விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நூற்றுக்கணக்கில் கேள்விகளை அள்ளிப்போட்டால் சில எப்படியும் தேர்வில் வந்துவிடும். அதைக் காட்டியே அடுத்த வருடமும் விற்பார்கள். விடையை யார் எழுதியது என்றுகூடப் போட்டிருக்காது. மலேரியாவுக்குக் காரணம் கொசு என்று அச்சடித்த தொகுப்பைப் பார்த்திருக்கிறேன். காரணம் பிளாஸ்மோடியம் என்ற ஒட்டுண்ணி. பெண் அனாபிலஸ் கொசு அதைப் பரப்புகிறது, அவ்வளவுதான்.

சரி, உங்கள் குழப்பத்துக்கு வருவோம். நோயை எடுத்துக்கொண்டு அது போகும் வழியிலேயே போங்கள். சர்க்கரை நோயைப் பாருங்கள். கணையத்தின் பீட்டா செல்கள் அழிந்து, குளுக்கோஸைச் செல்களுக்குள் போகவைக்கும் இன்சுலின் சுரக்காமல் போனால் முதல் வகை. சுரந்தும் உடல் செல்கள் சரியாக ஏற்காவிட்டால் இரண்டாம் வகை. இரண்டிலும் குளுக்கோஸ் இரத்தத்தில் தேங்கும். 100 மி.லி.க்கு ஏறக்குறைய 180 மி.கி.யைத் தாண்டினால் சிறுநீரகத்தால் முழுவதையும் மீட்க முடியாது. மிச்சம் சிறுநீரில் இறங்கும்போது தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால்தான் அடிக்கடி சிறுநீர், அப்புறம் தீராத தாகம். நாளமில்லாச் சுரப்பி, இரத்தம், கழிவுநீக்கம் மூன்றையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டீர்கள்.

ஆனால் தாகம் ஏன் என்று கேள்வித்தாளில் கேட்கமாட்டார்கள். அந்தப் பீட்டா செல்கள் அடங்கிய லாங்கர்ஹான்ஸ் திட்டு எங்கே இருக்கிறது என்று கேட்டு ஒரு மதிப்பெண் போடுவார்கள். என்ன செய்ய, அதையும் படித்துத் தொலையுங்கள்.

இரத்த ஓட்டத்தில் ஓர் இடத்தில் மட்டும் நின்று நிதானியுங்கள். தமனியில் ஆக்சிஜன் மிகுந்த இரத்தம், சிரையில் குறைந்த இரத்தம் என்று எழுதி வைத்திருப்பீர்கள். நுரையீரல் தமனியிலும் நுரையீரல் சிரையிலும் இது தலைகீழ். இதயத்தைவிட்டு வெளியேறுவது தமனி, இதயத்துக்குத் திரும்புவது சிரை. ஆக்சிஜனை வைத்துப் பெயர் வைக்கவில்லை. இதயத்தின் வலது கீழறையான வென்ட்ரிக்கிளிலிருந்து கிளம்பும் நுரையீரல் தமனி ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைக் கொண்டுபோகிறது. நுரையீரல் சிரைகள் ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தை இடது மேலறையான ஏட்ரியத்தில் கொண்டுவந்து விடுகின்றன. சிவப்பு, நீலம் என்று வண்ணத்தை நம்பிப் படித்தவர்கள் கறுப்பு வெள்ளைப் படம் வந்ததும் இங்கேதான் சறுக்குகிறார்கள். புத்தகத்தை மூடிவிட்டு, பென்சிலால் மட்டும் இதயத்தை வரைந்து அம்புக்குறி போடுங்கள். அம்பு எங்கே நின்றுபோகிறதோ அந்தப் பக்கத்தைத் திரும்பப் படித்தால் போதும்.