டெபியன் நிறுவல்: 256 ஜிபி எஸ்எஸ்டியில் ஹோமைத் தனியாகப் பிரிக்கவா?

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை மறுபடி நிறுவும்போது, உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவுக்குத் தனிப் பகிர்வு (டிஸ்க்கின் ஒரு பிரிவு) பிரிக்க வேண்டாம். இந்த முறை "எல்லாக் கோப்புகளும் ஒரே பகிர்வில்" என்று நிறுவி காட்டும் முதல் தேர்வையே எடுங்கள். ஒரே ஆள் பயன்படுத்தும் லேப்டாப்புக்கு அது போதும்.

போன முறை ஹோமைத் தனியாகப் பிரித்தபின், இரண்டே மாதத்தில் "இடம் இல்லை" என்று ஆப்ட் (மென்பொருள் நிறுவும் கருவி) நின்றுவிட்டது என்கிறீர்கள். அனேகமாக இயங்குதளம் இருக்கும் ரூட் பகிர்வுதான் நிரம்பியிருக்கும். தானியங்கிப் பிரிப்பு ரூட்டுக்குக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு மிச்சத்தையெல்லாம் ஹோமுக்குக் கொடுத்துவிடும். ஆப்ட் இறக்கும் பொதிகள், ஃபிளாட்பேக் செயலிகள், டாக்கர் இமேஜ்கள் எல்லாம் வழக்கமாகப் போய் விழுவது வார் (/var) அடைவில். அது இருப்பது ரூட்டில். ஹோமில் 150 ஜிபி காலியாகக் கிடந்தும் பயனில்லை.

டிஸ்க்கை அழிப்பதற்கு முன் டெர்மினலில் 'டிஎஃப் -எச்' (df -h) கொடுத்து, எந்தப் பகிர்வு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். ரூட் (/) வரியில் 100% இருந்தால் இதுதான் காரணம். முதலில், இறக்கிய பொதிகளை நீக்கும் 'ஆப்ட் கிளீன்' (apt clean) ஓட்டிப் பாருங்கள். மறுநிறுவலே தேவைப்படாமல் போகலாம்.

ஒன்று மட்டும் கவனம். "முழு டிஸ்க்கையும் பயன்படுத்து" என்றால் பழைய ஹோமும் போய்விடும், விண்டோஸ் இருந்தால் அதுவும்தான். வெளி டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாக வரும் "மாற்றங்களை டிஸ்க்கில் எழுதவா?" திரைக்கு ஆம் சொல்லும்வரை எதுவும் அழியாது. அங்கே பட்டியலை நிதானமாகப் படியுங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் ஆம் தட்டிவிட்டு, கல்யாண போட்டோக்களைத் தேடி அலைந்தேன்.