புற்றுநோய் இல்லாத இதயக் கட்டிக்கும் ஒப்பரேசன் அவசரமா?

அம்மாவின் எக்கோவில் (இதய ஸ்கேனில்) இதயத்தின் இடது மேலறையில் மிக்சோமா என்ற கட்டி இருப்பதாக வந்திருக்கிறது, புற்றுநோய் இல்லையாம், பிறகேன் அவசரப்படுத்துகிறார்கள், மருந்தில் கரையாதா என்று கேட்டிருக்கிறீர்கள். கரையாது. தள்ளிப் போடாதீர்கள். எங்கள் சின்னம்மாவுக்கும் இதே கட்டிதான்.

கட்டி சாதுவானது, அது இருக்கிற இடம்தான் பொல்லாதது. பெரும்பாலும் இரண்டு மேலறைகளுக்கும் நடுச்சுவரில் காம்பு வைத்துத் தொங்கும். வளர்ந்து வால்வின் வாயை அடைத்தால் மூச்சு முட்டும், திடீரென மயக்கமும் வரலாம். சின்னம்மா கோணேசர் கோயில் ஏற்றத்தில் நின்று நின்றுதான் ஏறுவா. இரவில் ஒரு பக்கம் சரிந்து படுத்தால் இளைத்துக்கொண்டு எழும்பி இருந்துவிடுவா. விட்டு விட்டு மெல்லிய காய்ச்சல், மூட்டு உளைவு, மெலிவு, இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர் அளவும் அதிகம். இதையெல்லாம் மூட்டுவாதம் என்று தவறாக எடுக்க நிறைய இடமுண்டு. ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் சத்தமும் வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவர்களுடையதைப் போலவே இருக்கும். எக்கோதான் பிரித்துக் காட்டியது. திரையில் நானும் பார்த்தேன். ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த உருண்டை வால்வுக்குள்ளால் கீழறைக்கு இறங்கி, திரும்ப மேலே வந்தது.

அதைவிடப் பயம் வேறொன்று. சில மிக்சோமாக்கள் ஜெலி மாதிரி இளகியவை. ஒரு துணுக்கு உடைந்து மூளைக்குப் போனால் பாரிசவாதம். இரத்தத்தை இளக்கும் குளிசையை நம்பி இருக்கவும் முடியாது. ஒப்பரேசன் வரைக்கும் வாய் கோணினால், கை கால் சோர்ந்தால், பேச்சுக் குழறினால் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள். குழந்தைகளுக்கு வரும் ராப்டோமயோமா என்ற வேறு இதயக் கட்டி பலருக்குத் தானாகச் சுருங்கும். அதை வைத்து "பொறுத்துப் பாருங்கோ" என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள்.

இதயத்தை நிறுத்திச் செய்வது என்றதும் எங்கள் வீட்டிலும் எல்லோரும் நடுங்கினார்கள். ஆனால் 1954இலேயே சுவீடனில் கிளாரன்ஸ் கிராஃபோர்ட் இதய நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு இந்தக் கட்டியை எடுத்துவிட்டார். இன்று இது நன்றாகக் கைவந்த சத்திரசிகிச்சை. காம்பு பிடித்திருந்த சுவரையும் கொஞ்சம் வெட்டி எடுத்து, தேவைப்பட்டால் ஒட்டுப் போடுவார்கள். திருகோணமலையிலிருந்து கொழும்புக்குப் போன சின்னம்மா இப்போது அதே ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறுகிறா.

திரும்பி வருவது அரிது, ஆனாலும் கிளினிக்கையும் எக்கோவையும் விடாதீர்கள். அம்மாவுக்கு ஒன்றுக்கு மேல் கட்டி இருந்தாலோ, உதட்டிலும் முகத்திலும் கரும்புள்ளிகள் நிறைய இருந்தாலோ டொக்டரிடம் சொல்லுங்கள். குடும்பத்தில் தொடரும் கார்னி கூட்டுநோயாக இருக்கலாம். அப்படியென்றால் உங்களுக்கும் சகோதரங்களுக்கும் எக்கோ எடுக்க வேண்டும்.