டைம் அவுட் வந்தால் பாஸ்வேர்டைச் சந்தேகிக்காதீர்கள்

தம்பி, வீட்டு லேப்டாப்பில் நன்றாக ஓடிய ஜாங்கோ (பைத்தானில் வெப்சைட் கட்டும் கருவி), டேட்டாபேஸை அமேசானின் ஆர்டிஎஸ் என்ற கிளவுட் சேவைக்கு மாற்றியதும், டேபிள்களை உருவாக்கும் மைக்ரேட் கட்டளையைக் கொடுத்தால் அப்படியே நின்று ‘கனெக்‌ஷன் டைம்டு அவுட்’ என்கிறது, பாஸ்வேர்டை நாலு முறை மாற்றியும் பயனில்லை என்கிறீர்கள். பாஸ்வேர்டு தப்பென்றால் அங்கே ஓடும் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் உடனே சொல்லிவிடும். பதிலே வரவில்லை என்றால் நீங்கள் அதன் வாசலுக்கே போய்ச் சேரவில்லை.

ஆர்டிஎஸ்ஸின் வாசல் காவல்காரன் செக்யூரிட்டி குரூப். யார் உள்ளே வரலாம் என்று சொல்லும் அதன் இன்பவுண்ட் விதிகளைத் திறந்து, போஸ்ட்கிரெஸின் வாசலான 5432 போர்ட்டுக்கு எந்த ஐபி (இணைய முகவரி) இருக்கிறது என்று பாருங்கள். நானும் உங்களைப் போலத் தண்டையார்பேட்டைதான். கரண்ட் போய் வந்தால் என் ரவுட்டருக்குப் புது ஐபி. காலையில் ஓடியது சாயந்திரம் ஓடாது. இன்றைய ஐபியோடு /32 (அந்த ஒரு முகவரி மட்டும்) சேர்த்துப் போடுங்கள். அவசரத்தில் 0.0.0.0/0 (எந்த முகவரியும் வரலாம்) மட்டும் வேண்டாம், தெருக்கதவைத் திறந்துபோட்டுத் தூங்குகிற மாதிரி அது. ஆர்டிஎஸ் செட்டிங்கில் ‘பப்ளிக் அக்சஸ்’ ‘எஸ்’ (Yes) என்று இருக்க வேண்டும், அதையும் பாருங்கள்.

அப்புறம், கேள்வியில் செட்டிங்ஸ் ஃபைலை பாஸ்வேர்டோடு ஒட்டியிருக்கிறீர்கள். இப்போதுதான் அதை நிஜமாகவே மாற்ற வேண்டும், இன்றைக்கே. புதியதை ஃபைலில் எழுதாமல், கோடுக்கு வெளியே என்விரான்மென்ட் வேரியபிளில் வையுங்கள். டேட்டாபேஸ் செட்டிங்ஸின் ஆப்ஷன்ஸில் எஸ்எஸ்எல்மோடு (sslmode) ‘ரெக்வயர்’ என்று கொடுங்கள், இணைப்பு என்க்ரிப்ட் ஆகும். சரியானதா என்று எழுதுங்கள், இரவு பார்க்கிறேன்.