நெளிசலா, விரிசலா? ரிம் பற்றிச் சில கேள்விகள்

காரைக்குடியில் முப்பது வருடமாக டயர், வீல் வேலை பார்க்கிறேன். மழைக்காலம் வந்தால் போதும், தண்ணீர் நின்ற குழி தெரியாமல் இறக்கிவிட்டு ஆளாளுக்கு வந்து நிற்பார்கள். “இந்த ரிம் தாங்குமா, மாற்றணுமா?” என்பதுதான் எல்லாருடைய கேள்வியும். இந்த முறை வந்த கேள்விகளில் சில, கேட்டவரின் ஊர்ப் பெயரோடு இங்கே.

புதுவயல்: அண்ணே, ஸ்விஃப்ட் வண்டி, அலாய் வீல். ராத்திரி குழியில் இறங்கி ‘டமார்’ என்று சத்தம். வெளியே சின்னக் கீறல்தான் தெரிகிறது. ஆனால் 80-ஐத் தாண்டினால் ஸ்டியரிங் நடுங்குகிறது. ரிம் போய்விட்டதா?

தம்பி, வெளிப்பக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெளி விளிம்புக்கு ஸ்போக்கின், அதாவது நடுவிலிருந்து விளிம்புக்குப் போகிற கைகளின், பலம் இருக்கிறது. உள் விளிம்புக்கு அந்த ஆதரவு இல்லாததால் குழியில் பெரும்பாலும் அதுதான் மடங்கும். சக்கரத்தைக் கழற்றி, ஒட்டியிருக்கிற செம்மண்ணைக் கழுவிவிட்டு உள்பக்கம் விரலால் தடவிப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் கொப்புளம் மாதிரி எங்காவது வீங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் டயருக்குள் நூல் அறுந்திருக்கிறது. அதைச் சரி செய்ய வழி கிடையாது, டயரை மாற்றத்தான் வேண்டும்.

அப்புறம் சக்கரத்தை மாட்டி, வண்டியை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுங்கள். செங்கல்லை முட்டுக் கொடுக்கிற வேலை வேண்டாம். ஒரு குச்சியை ரிம் விளிம்புக்குப் பக்கத்தில் அசையாமல் நிறுத்திவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். குச்சிக்கும் விளிம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி எங்கும் ஒரே மாதிரி இருக்கிறதா? பக்கவாட்டிலும், மேலும் கீழுமாகவும் பார்க்க வேண்டும். பொதுவாக ஒரு மில்லிமீட்டர் அளவு ஆட்டம்தான் அனுமதி. கண்ணுக்கே பளிச்சென்று தெரிந்தால் அது அளவைத் தாண்டிவிட்டது.

ஸ்டியரிங் நடுங்கினால் பெரும்பாலும் முன் சக்கரம், சீட் நடுங்கினால் பின் சக்கரம். சந்தேகப்படுகிற சக்கரத்தைப் பின்னால் மாட்டி ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் சீட்டுக்குப் போய்விட்டால் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால் புது ரிம்முக்குப் பணம் கொடுக்காதீர்கள், வெறும் பேலன்சிங் கோளாறாகக்கூட, அதாவது சக்கரத்தைச் சுற்றி எடை சமமாக இல்லாததாகக்கூட, இருக்கும்.

தேவகோட்டை: அலாய் வீலின் உள் விளிம்பில் ஒரு அங்குலத்துக்கு முடி மாதிரி விரிசல். ஆர்கான் வெல்டிங் வைத்துப் பளபளவென்று பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். செய்யலாமா?

வேண்டாம், மாற்றிவிடுங்கள். அலாய் என்பது சிலிக்கனும் கொஞ்சம் மெக்னீசியமும் கலந்த அலுமினியம். வார்த்த பிறகு அதைச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமான சூட்டில் பதப்படுத்துகிறார்கள். பலமே அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. வெல்டிங் சூடு பட்டால் அந்த இடத்தைச் சுற்றிப் பதம் போய் உலோகம் இளகிவிடும். பற்றவைத்த கோடு நன்றாக நிற்கும், விரிசல் அதற்குப் பக்கத்தில் புதிதாகக் கிளம்பும். தொழில் கற்ற புதிதில் நானே ஒருவருக்கு வெல்டிங் வைத்துக் கொடுத்தேன். சில மாதத்தில் அதே சக்கரம் காற்று இறங்கித் திரும்பி வந்தது. தழும்புக்கு அரை விரல் தள்ளி அடுத்த விரிசல். நல்ல வேளை, காற்று இறங்கியதோடு போயிற்று.

காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 500 சுற்று சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் வண்டியின் பாரம் அந்த விரிசலை ஒரு தடவை திறந்து மூடும். இங்கிருந்து திருச்சி போய்ச் சேர்வதற்குள் நாற்பதாயிரம் தடவைக்கு மேல். ஸ்போக்கிலோ நட்டு மாட்டுகிற ஓட்டைப் பக்கமோ விரிசல் என்றால் ஊர் எல்லைகூடத் தாண்டாதீர்கள், ஸ்டெப்னியை மாட்டுங்கள்.

கீறலா விரிசலா என்று பிடிபடவில்லையா? காற்றடித்துச் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். நுரை கிளம்பினால் விரிசல். நுரை கிளம்பவில்லை என்பதற்காக ரிம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, ஸ்போக்கில் விரிசல் இருந்தால் காற்று கசியாது.

பள்ளத்தூர், ஓர் ஆச்சி: எங்கள் வேகன்ஆரில் ஸ்டீல் ரிம். வாசல் கல்லில் ஏறி விளிம்பு நெளிந்துவிட்டது. இரண்டு நாளைக்கு ஒரு தடவை காற்று இறங்குகிறது. தட்டி எடுத்தால் போதும் என்கிறார் கடைத் தம்பி.

ஆச்சி, அவர் சொல்வது சரிதான். இரும்பு வளைந்து கொடுக்கும், விளிம்பில் சின்ன நெளிசலென்றால் டயரைக் கழற்றிவிட்டு எடுத்துவிடலாம். டயர் உட்காருகிற இடத்தில் துருவைச் சுரண்டி, வால்வையும் மாற்றச் சொல்லுங்கள், பாதி நேரம் கசிவு அங்கேதான். அதே இடம் முன்பே தட்டியதாக இருந்தாலோ, நட்டு ஓட்டைகள் நீண்டு போயிருந்தாலோ தட்ட வேண்டாம். ஸ்டீல் ரிம் விலை குறைவுதான், புதிதே வாங்குங்கள்.

ஆத்தங்குடி: 14 அங்குல ஸ்டீலைக் கழற்றி 16 அங்குல அலாய் போட்டேன். ஆறு மாதத்தில் இரண்டு ரிம் காலி. மட்டமான சரக்கா?

இருக்கலாம். ரிம்மின் பின்பக்கம் ஜே.டபிள்யூ.எல். என்கிற ஜப்பானிய அலாய் வீல் தர முத்திரையும் தாங்கும் எடையும் பொறித்திருக்கிறதா பாருங்கள். ஆனால் எனக்கு ரிம்மைவிட உங்கள் மேல்தான் சந்தேகம்! ரிம் பெரிதானால் டயரின் பக்கச்சுவர் குட்டையாகும். குழியின் அடியை வாங்கிக்கொள்வது அந்தச் சுவரும் உள்ளே இருக்கிற காற்றும்தான். அதைக் குறைத்துவிட்டு, டிக்கியில் ஆத்தங்குடிக் கல்லையும் ஏற்றினால் ரிம் என்ன செய்யும்? பழைய அளவுக்கே திரும்புங்கள். காற்றை மாதம் இருமுறை, டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள்.

கானாடுகாத்தான்: அப்பச்சி ஓட்டிய அம்பாசிடர் பத்து வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. கல்யாணத்துக்கு எடுக்க ஆசை. ரிம்மெல்லாம் துரு.

மேல் துரு ஒன்றும் செய்யாது. கம்பி பிரஷ் போட்டால் பொருக்குப் பொருக்காகக் கழன்று, இரும்பில் பள்ளம் விழுந்திருந்தால் அந்த ரிம்மை ஒதுக்குங்கள். மற்றதில் டியூப் போட்டே ஓட்டுங்கள். ஆனால் பத்து வருட டயரை நம்பி மாப்பிள்ளையை ஏற்றாதீர்கள்.

கோட்டையூர்: ஒரு ரிம் மட்டும் வாங்கலாமா, நான்கும் மாற்றணுமா?

ஒன்று போதும். விட்டம், அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து நட்டு மாட்டுகிற முகம் தள்ளியிருக்கிற தூரம்), நட்டு ஓட்டைகளின் வட்டம், நடு ஓட்டை எல்லாம் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். நட்டு உட்காருகிற வடிவமும் சேர வேண்டும், சிலதில் கூம்பு, சிலதில் உருண்டை. பழைய ரிம் வாங்கினால் புதுப் பெயிண்ட் அடித்ததை வாங்காதீர்கள், அழுக்கோடு இருப்பதை வாங்குங்கள். அழுக்கைக் கழுவினால் விரிசல் தெரிந்துவிடும், பெயிண்ட் அதை மறைத்துவிடும். மாட்டிய பிறகு 50, 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள்.